பழைய டீசல் பிக்கப்பில் வந்து வந்து போகும் மின்கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

பட்டறையில் நிறுத்தினால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். லோடு ஏற்றிப் பாதி வழி போனதும் மீட்டர் போர்டு மொத்தமும் ஒரு நொடி அணைந்து எரியும். டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது. பழைய வண்டிக்காரர்களுக்குப் பழகிப்போன தொல்லை இது. இதற்கு வழக்கமாக நடப்பது என்னவென்றால், முதலில் பேட்டரியை மாற்றுவார்கள், அப்புறம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ (ஆல்டர்னேட்டர்), அப்புறம் செல்ஃப் மோட்டார். மூன்றும் புதுசாகிவிடும், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

ஒரு பாகம் பழுதானால் அது பெரும்பாலும் பழுதாகவே கிடக்கும். வருவதும் போவதுமாக இருப்பது அநேகமாக இணைப்புதான்: துருப்பிடித்த எர்த் (மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு), தளர்ந்த லக் (வயர் முனையில் அழுத்திய உலோக வளையம்), உள்ளே அறுந்து வெளியே முழுசாகத் தெரியும் வயர், சூட்டில் விரிந்துபோன கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பான்). விதிவிலக்குகள் சில உண்டு, அவற்றைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் தேடலை இணைப்பிலிருந்து தொடங்கினால் பணமும் நேரமும் மிச்சம்.

இங்கே சொல்வதெல்லாம் 12 வோல்ட், மெக்கானிக்கல் பம்ப், ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இல்லாத வண்டிகளுக்கு. பழைய மஹிந்திரா பிக்கப், டாடா 207 போன்றவற்றை மனதில் வைத்து எழுதுகிறேன். பிஎஸ்-4 புகை விதி நாடு முழுவதும் வந்தது 2017 ஏப்ரலில். அதற்கு முந்தைய லோடு வண்டிகள் பலவற்றுக்கு இது பொருந்தும். ஈசியு மூலம் டீசல் தெளிக்கும் காமன்ரெயில் வண்டிக்கும் எர்த், பேட்டரி, டைனமோ பற்றிய பகுதிகள் உதவும். ஆனால் அதில் ஈசியு வயர்களில் பல்பு வைத்த டெஸ்ட் லேம்பைத் தொட வேண்டாம்.

முதலில் தாளும் பேனாவும்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதி வையுங்கள்.

முதல் கேள்வி: கோளாறு எப்போது வருகிறது? சூடான பிறகா, மேடுபள்ளத்தில் குலுங்கும்போதா, மழையிலா, ஹெட்லைட் போட்டதுமா? சூடு, குலுக்கல், ஈரம், மின்சுமை என்ற இந்த நான்கில் ஒன்று கட்டாயம் பின்னணியில் இருக்கும். "சும்மா சும்மா வருது" என்று சொல்பவர்களிடம் நாலைந்து கேள்வி கேட்டால், "ஆமா, வெயில்ல நிறுத்திட்டு எடுத்தாத்தான் வருது" என்று சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம்: அதோடு சேர்ந்து வேறு எது எது நின்றது? டீசல் மீட்டர், ஹீட் மீட்டர், இண்டிகேட்டர் மூன்றும் ஒரே நேரத்தில் செத்தால் மூன்று கோளாறு இல்லை. மூன்றுக்கும் பொதுவான ஒரு பியூஸ், ஒரு சாவி சுவிட்ச் முனை, அல்லது ஒரு எர்த் இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் போதும். ஹாரனும் ஹெட்லைட்டும் அந்த நேரத்தில் வேலை செய்தனவா என்பதையும் குறித்து வையுங்கள். எது வேலை செய்தது என்று தெரிந்தாலே தேட வேண்டிய இடத்தில் பாதி குறைந்துவிடும்.

கையில் வேண்டியவை

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். ஹோல்டரோடு ஒரு 21 வாட் பல்பு, இரண்டு பக்கமும் நீள வயரும் கிளிப்பும் வைத்தது. ஒரு 5 வாட் பல்பு, அதேபோல. பியூஸ் வைத்த ஜம்பர் வயர் ஒன்று, தடித்த ஜம்பர் கேபிள் ஒரு ஜோடி. தையல் ஊசி இரண்டு. உப்புத்தாள், கம்பி பிரஷ். இவ்வளவுதான்.

மீட்டரை வைத்துக்கொண்டு பல்பு எதற்கு? பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒரே ஒரு இழை மிஞ்சிய வயரிலும் மல்டிமீட்டரின் கன்டினியூட்டி (வயர் அறாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) 'பீப்' என்று ஒலிக்கும், 12 வோல்ட்டும் காட்டும். மீட்டர் இழுப்பது ஒன்றுமில்லாத மின்னோட்டம். 21 வாட் பல்பு கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். அந்த வயர் உண்மையிலேயே சுமை தாங்குமா என்பது அப்போதுதான் தெரியும். பல்பு மங்கினால் வயர் மோசம்.

வயரின் தோலைக் குத்தி அளக்காதீர்கள். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, ஒரு மழைக்காலம் போனதும் செம்பு பச்சை பூத்துவிடும். கப்ளரின் பின்பக்கமாக, வயரை ஒட்டித் தையல் ஊசியைச் செருகி அளக்கலாம். முன்பக்கம் தடித்த முனையைத் திணித்தால் உள்ளே இருக்கும் பித்தளைக் கிளிப் விரிந்து, இல்லாத லூஸ் கான்டாக்ட்டை நாமே உண்டாக்கிவிடுவோம்.

வேலை தொடங்கும் முன் கைக்கடிகாரம், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை வைத்த பிறகே மற்றது.

பேட்டரியும் அதன் முனைகளும்

இரவு முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியில் காலையில் சாவி போடாமல் அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டு வாருங்கள். இறங்கிய பேட்டரியை வைத்துக்கொண்டு எடுக்கும் அளவுகள் எல்லாமே பொய் சொல்லும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியை லோடு டெஸ்ட்டுக்கு அனுப்புங்கள்.

பேட்டரி டெர்மினலைக் கையால் முறுக்கிப் பாருங்கள். கொஞ்சம் அசைந்தாலும் தப்பு. கழற்றி, வெள்ளைப் பூஞ்சையை வெந்நீரில் கரைத்த ஆப்ப சோடா ஊற்றிக் கழுவி, ஈயம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். பூசிவிட்டு இறுக்கக் கூடாது. கேபிள் லக்கோடு சேரும் இடத்தையும் வளைத்துப் பாருங்கள். பச்சைப்பொடி உதிர்ந்தாலோ அந்த இடம் விறைத்து முறுமுறுத்தாலோ உள்ளே செம்பு தின்னப்பட்டிருக்கிறது, கேபிளை மாற்ற வேண்டியதுதான்.

எர்த்

பழைய லோடு வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது எர்த்தைத்தான். பேட்டரி மைனஸிலிருந்து சேஸிஸுக்கு ஒன்று, சேஸிஸிலிருந்து இன்ஜினுக்குப் பின்னல் பட்டையாக ஒன்று, கேபினுக்கு ஒன்று என்று குறைந்தது மூன்று இருக்கும். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பின்னல் பட்டை இல்லாமல் அதற்கு வேறு நேர்வழி கிடையாது. இன்ஜின் வேலைக்கு இறக்கி ஏற்றும்போது இந்தப் பட்டையை மாட்ட மறந்துவிடுவது சகஜம். பெயின்ட் அடித்த இடத்தில் அப்படியே போல்ட் போடுவதும் சகஜம்.

பட்டை மோசமானால் செல்ஃபின் மின்னோட்டம் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். செல்ஃப் அடித்த பிறகு அந்தக் கேபிள் சுடுகிறது என்றால் வேறு சோதனையே தேவையில்லை.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் மாட்டி செல்ஃப் அடியுங்கள். இப்போது விறுவிறுவென்று சுற்றினால் குற்றவாளி எர்த்தான். பட்டையைக் கழற்றி, தொடும் இரு பரப்பையும் இரும்பு தெரியத் தேய்த்து, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, வெளியே கிரீஸ் பூசுங்கள்.

பின்லைட் கோளாறுகளும் இதே கதைதான். பிரேக் மிதித்தால் பார்க்கிங் லைட் மங்கலாக எரியும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து துடிக்கும். ஓட்டுநர்கள் 'வயர் ஷார்ட்' என்பார்கள். ஷார்ட் ஆகியிருந்தால் பியூஸ் போயிருக்கும். நடப்பது என்னவென்றால், 21/5 வாட் பல்பில் இரண்டு இழைகளுக்கும் எர்த் ஒன்றுதான். அந்த எர்த் அறுந்தால், பிரேக் இழை வழியே வரும் மின்சாரம் கீழே இறங்க முடியாமல் 5 வாட் இழை வழியாகத் திரும்பி மற்ற பல்புகள் மூலம் எர்த்தைத் தேடும். பாடி கட்டும் இடத்தில் பின்லைட்டைத் தனி இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு, அந்தப் போல்ட்டையே எர்த் என்று விட்டுவிடுகிறார்கள். துரு ஏறியதும் தொல்லை ஆரம்பம். ஒவ்வொரு பின்லைட் ஹோல்டரிலிருந்தும் சேஸிஸுக்கு ஒரு தனி கறுப்பு வயர் இழுத்துவிட்டால் வருடக்கணக்கில் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்காது. மீன் லோடு அடிக்கும் வண்டிகளில் ஐஸ் உருகி ஒழுகும் உப்புத்தண்ணீர் நேராகச் சேஸிஸ் வயரிங் மேல் விழும். அந்த வண்டிகளுக்கு இது கட்டாய வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வோல்ட்டேஜ் டிராப்: இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும்

ஒரு இணைப்பில் 0.01 ஓம் தடை ஏறியிருக்கிறது என்று வையுங்கள். சாதாரண மல்டிமீட்டரால் அதை அளக்கவே முடியாது. 5 வாட் பல்பு அதன் வழியே இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு, எனவே அங்கே இழப்பது சில மில்லிவோல்ட்தான். பல்பு ஜோராக எரியும். அதே இணைப்பு வழியாக செல்ஃப் 250 ஆம்பியர் இழுத்தால் 2.5 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். லைட் எரிகிறதே, பேட்டரி வயர் நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைப்பது இதனால்தான் தப்பு.

எனவே ஓம் அளக்காதீர்கள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த வயரின் இரு முனைகளுக்கு நடுவே வோல்ட் அளங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி பிளஸ் ஈயக்குமிழிலும் மறுமுனையை பேட்டரி கேபிள் வந்து சேரும் செல்ஃபின் பெரிய போல்ட்டிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். டீசல் பம்பின் மேல் இருக்கும் ஸ்டாப் சோலனாய்டு (டீசலைத் திறந்து மூடும் மின்காந்த வால்வு) வயரைக் கழற்றிவிட்டால் செல்ஃப் சுற்றும், இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கேபிளிலோ லக்கிலோ கோளாறு. அடுத்து பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே அளங்கள், 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால், நடுவில் உள்ள ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியாக அளந்துகொண்டே போங்கள். இழப்பு எங்கே குதிக்கிறதோ அங்கே கைவையுங்கள்.

ஹெட்லைட், ஹாரன், பம்ப் சோலனாய்டு எல்லாவற்றுக்கும் இதே முறைதான். ஹெட்லைட் ஹோல்டரில் 11 வோல்ட், பேட்டரியில் 12.5 என்றால் நடுவில் ஒன்றரை வோல்ட்டைச் சூடாக்கி வீணடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பழைய வண்டிகளில் அது பெரும்பாலும் லைட் சுவிட்சேதான், ஏனென்றால் ரிலே (சின்ன கரன்டால் பெரிய கரன்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) இல்லாமல் முழு மின்னோட்டமும் அதன் வழியாகப் போகும்.

சூடானால் செல்ஃப் எடுக்காதது

சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும், பத்து நிமிடம் ஆறவிட்டால் எடுக்கும். இதற்குச் செல்ஃப் மோட்டாரையே மாற்றிவிடுகிறார்கள். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடும். 60 டிகிரி கூடினால் செல்ஃபின் சோலனாய்டு (மோட்டாருக்குப் பெரிய கரன்டை இணைக்கும் மின்காந்த சுவிட்ச்) காயிலின் தடை கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம், இழுக்கும் சக்தியும் அதற்கேற்பக் குறையும். அதோடு தேய்ந்த சாவி சுவிட்ச் ஒரு வோல்ட்டைத் தின்றால் முழுசாக இழுக்காது.

கோளாறு இருக்கும் அந்த நேரத்திலேயே சாவியிலிருந்து சோலனாய்டுக்கு வரும் செல்ஃபின் சின்ன வயரில் அளங்கள். சாவியை ஸ்டார்ட்டில் திருப்பிப் பிடிக்கும்போது பேட்டரி முனையை விட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் சுவிட்ச் வழி மோசம். சுவிட்சையும் வயரையும் சரிசெய்யலாம், அல்லது பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்து நடுவில் ஒரு ரிலே வைக்கலாம். ரிலேயில் 30 பேட்டரி பிளஸ், 87 செல்ஃபின் சின்ன முனை, 86 சாவியிலிருந்து வந்த பழைய வயர், 85 எர்த். 30-க்கு வரும் வயரில் பேட்டரிப் பக்கம் பியூஸ் வைக்க மறக்காதீர்கள்.

சின்ன வயரில் முழு வோல்ட்டும் வருகிறது, பெரிய போல்ட்டிலும் வருகிறது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை என்றால்தான் செல்ஃபைக் கழற்ற வேண்டும். சுத்தியலால் லேசாகத் தட்டினால் எடுக்கிறது என்றால் பிரஷ் தேய்ந்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவரை வைத்து இரண்டு போல்ட்டையும் ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணும் பழக்கம் வேண்டாம். கியரில் இருந்தால் வண்டி ஆள் மேல் ஏறும்.

ஓடும்போது இன்ஜின் நின்றுவிடுவது

டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் கிடையாது. மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் இன்ஜினை நிறுத்தக்கூடிய மின்பாகம் அநேகமாக ஒன்றே ஒன்றுதான்: போஷ் விஇ போன்ற ரோட்டரி பம்பின் தலையில் இருக்கும் ஸ்டாப் சோலனாய்டு. அதற்குக் கரன்ட் வரும்வரை டீசல் போகும். ஒரு நொடி அறுந்தாலும் டீசல் அடைபடும். வரிசைப் பம்ப் (இன்லைன் பம்ப்) வைத்த வண்டிகள் பலவற்றில் இந்த ஏற்பாடு வேறு. அங்கே டீசல் பக்கமே முதலில் பார்க்க வேண்டும்.

நின்றது மின்சாரத்தாலா டீசலாலா என்று கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி இது. சோலனாய்டு முனையிலிருந்து, அங்கேயே 3 ஆம்பியர் பியூஸ் ஒன்று வைத்து, நீள வயர் ஒன்றை கேபினுக்குள் கொண்டுவாருங்கள். 5 வாட் பல்பின் ஒரு பக்கம் அதிலும், மறுபக்கம் நல்ல எர்த்திலும் மாட்டி, டாஷ்போர்டு மேல் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். இன்ஜின் நிற்கும்போது பல்பும் அணைந்தால் சாவி சுவிட்ச், பியூஸ், வயர் என்று இந்தப் பக்கம் தேடலாம். அப்போது சாவி சுவிட்சின் வெளிவரும் முனையில் இன்னொரு பல்பு வைத்தால் கோளாறு சுவிட்சிலா அதற்குப் பிறகா என்பதும் தெரிந்துவிடும். பல்பு எரிந்துகொண்டே இன்ஜின் நின்றால், சோலனாய்டே பழுதாக இருக்கலாம், அதைவிட அதிகமாக டீசலில் காற்று, அடைத்த பில்டர், டேங்க் குழாய் அடைப்பு. எலக்ட்ரீஷியனிடம் போக வேண்டிய வேலையே இல்லை அது.

காலி ரோட்டில், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, அவரைப் பல்பைப் பார்க்கச் சொல்லி ஓட்டுங்கள். இன்ஜின் நின்றால் பிரேக்கை இலகுவாக்கும் வேக்கம் பம்பும் நிற்கும், நாலைந்து மிதியில் பிரேக் கட்டையாகிவிடும். நினைவிருக்கட்டும்.

சாவிக்கொத்தின் எடையும் ஒரு காரணம். வீட்டுச் சாவி, டீசல் மூடிச் சாவி, சாமி படம் எல்லாம் தொங்கவிட்டு ஓட்டினால் குலுங்கக் குலுங்கச் சுவிட்சின் உள்பகுதி தேய்ந்துவிடும். ஓடும்போது சாவியை லேசாக ஆட்டிப் பார்த்தாலே பல்பு சொல்லிவிடும்.

சார்ஜ் வந்து வந்து போவது

இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ் செய்து பேட்டரியில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். ஹெட்லைட் போட்ட பிறகும் 13.5-க்கு மேல் நிற்க வேண்டும். முதலில் பெல்ட்டைப் பாருங்கள். அப்புறம் டைனமோவின் தடித்த முனையில் அளங்கள். அங்கே 14.3, பேட்டரியில் 13.4 என்றால் டைனமோவில் குறையில்லை, நடுவில் உள்ள வயரில்தான்.

நம் ஊர் டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக்குக்கான வேக்கம் பம்ப் டைனமோவின் பின்பக்கமே இருக்கும். அதன் ஆயில் சீல் தேய்ந்தால் ஆயில் டைனமோவுக்குள் இறங்கி, பிரஷ் கரித்தூளோடு கலந்து கறுப்புக் களிம்பாகும். சில நேரம் சார்ஜ் வரும், சில நேரம் வராது. டைனமோவின் காற்றுத் துளைகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால், பிரஷ் மட்டும் மாற்றிப் பயனில்லை. சீலை மாற்றி, உள்ளே கழுவி, அப்புறம் பிரஷ் போட வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம்: டாஷ்போர்டில் இருக்கும் சிவப்பு சார்ஜ் பல்பு. பழைய டைனமோக்கள் பலவற்றுக்கு ஆரம்ப மின்சாரம் இந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு பியூஸ் போனால் நன்றாக ரேஸ் செய்த பிறகே சார்ஜ் ஆரம்பிக்கும். சாவி போட்டதும் அந்தப் பல்பு எரிகிறதா என்று பாருங்கள்.

ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, 'நிக்கல, அப்போ டைனமோ நல்லாருக்கு' என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். வோல்ட் எகிறி டைனமோவின் டயோடும் (ஏசியை டிசியாக மாற்றுவது) கட்அவுட்டும் (வோல்ட்டைக் கட்டுப்படுத்துவது) போகும். டயோடைச் சோதிக்க மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஓடும்போது பேட்டரி முனையில் அளந்தால் போதும், 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு சந்தேகம்.

மீட்டர்கள் ஆடுவது, இரவில் பேட்டரி இறங்குவது

டீசல் மீட்டரும் ஹீட் மீட்டரும் சேர்ந்து ஆடினால் மீட்டர் போர்டின் எர்த் அல்லது அதற்கு வரும் பொதுக் கரன்ட். ஒன்று மட்டும் ஆடினால் அதற்கு அளவை அனுப்பும் 'செண்டர்' பாகம் (டேங்கிலோ இன்ஜினிலோ இருப்பது) அல்லது அதற்குப் போகும் வயர்.

இரவில் இறங்கும் பேட்டரிக்கு, சாவியை எடுத்து, எல்லாம் அணைத்து, மைனஸ் கேபிளைக் கழற்றி, நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து அளங்கள். அந்த நிலையில் சாவி போடவோ கதவு திறக்கவோ கூடாது. ஈசியு இல்லாத வண்டியில் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இருக்கக் காரணமே இல்லை. அரை ஆம்பியர் ஒழுகினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி. 75 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்று நாளில் பாதி காலி. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதில் குறைகிறதோ அந்தக் கிளை. எதிலும் குறையவில்லை என்றால் டைனமோவின் தடித்த வயரைக் கழற்றிப் பாருங்கள், டயோடு ஒழுக்கு அங்கே தெரியும். அதற்கு முன் ஜிபிஎஸ், ஆம்ப்ளிஃபையர், சீரியல் எல்இடி, மியூசிக் ஹாரன் என்று பின்னால் சேர்த்தவை எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள். பியூஸ் இல்லாமல் நேராக பேட்டரியில் முறுக்கிய வயர் கிடைக்காத லோடு வண்டி அபூர்வம்.

கோளாறை வரவழைப்பது

இவ்வளவுக்கும் பிடிபடவில்லை என்றால், கோளாறு தானாக வரும்வரை காத்திருக்க வேண்டாம். முன்பு குறித்து வைத்த நிலையை நீங்களே உண்டாக்குங்கள். குலுக்கல் என்றால், பல்பைக் கண்முன் வைத்துக்கொண்டு வயர் கட்டை ஒவ்வொரு சாண் தூரமாகப் பிடித்து ஆட்டுங்கள், கப்ளர்களை அழுத்தி இழுங்கள். சூடு என்றால் தலைமுடி உலர்த்தும் டிரையரை ரிலே, பியூஸ் பாக்ஸ், சோலனாய்டு மேல் காட்டுங்கள். ஈரம் என்றால் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர். மின்சுமை என்றால் எல்லா லைட்டையும் போடுங்கள். ஒரே நேரத்தில் ஒன்றுதான் செய்ய வேண்டும், இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது காரணம் என்று தெரியாது.

கைவைக்க வேண்டிய இடங்கள்: ஸ்டியரிங் அடியில் சாவி சுவிட்ச் கப்ளர், சைலன்சர் குழாய்க்கு அருகே போகும் வயர், சேஸிஸில் கிளிப் விட்டுப்போய் உரசும் இடம், பாடி வெல்டிங் தெறித்த இடம், எலி புகுந்த இடம். பியூஸ் பாக்ஸில் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகிய துளை தெரிந்தால் அங்கே கிளிப் தளர்ந்திருக்கிறது. புது பியூஸ் போட்டாலும் சுடும். வயரின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இருபது வருடத்தில் எத்தனையோ பேர் கையில் கிடைத்த வயரைச் சேர்த்திருப்பார்கள்.

சரிசெய்வதும் உறுதி செய்வதும்

வயரை வெட்டினால் செம்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டுங்கள், பச்சை பூத்த வயரில் புது லக் பிடிக்காது. முறுக்கி டேப் சுற்றுவது நம் வெயிலுக்கு ஒரு கோடைகூடத் தாங்காது, பசை உருகி அவிழ்ந்துவிடும். சரியான அளவு லக், அதற்கான கிரிம்பிங் பிளையர், மேலே சூட்டில் சுருங்கும் குழாய். ஈயம் பற்றவைத்தால் அந்த இடம் விறைப்பாகி, ஈயம் முடியும் ஓரத்தில் அதிர்வில் அறுந்துபோகும். பற்றவைத்தே ஆக வேண்டும் என்றால் இருபக்கமும் ஆடாமல் கிளிப் போட்டுக் கட்டுங்கள். பியூஸ் போனால் அதே ஆம்பியர் பியூஸ்தான், செப்புக்கம்பியோ சிகரெட் பெட்டித் தாளோ வைக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் 'இப்போ எடுக்குது' என்பதோடு நிறுத்தாதீர்கள், முன்பும் பாதி நேரம் எடுத்துக்கொண்டுதானே இருந்தது. எந்தச் சூட்டில், எந்தக் குலுக்கலில் கோளாறு வந்ததோ அதே நிலையில் மறுபடி அளந்து, பழைய அளவையும் புதிய அளவையும் தேதியோடு எழுதி, எந்த இணைப்பைச் சரிசெய்தோம் என்பதையும் சேர்த்து, அந்தத் தாளை ஆர்சி புத்தகத்தோடு வைத்துவிடுங்கள். அடுத்த முறை வேறொரு எலக்ட்ரீஷியன் பார்த்தாலும் அவர் அங்கிருந்தே தொடங்கலாம்.